காப்பு

வாசலில் என் மணிக்கட்டைப் பிடித்து
மஞ்சள் காகிதக் காப்பொன்றை ஒட்டினாள் ஒருத்தி.
கழற்றினால் கிழியும், கிழிந்தால் வெளியே என்றாள்,
சிங்களத்தில் ஒருமுறை,
பிறகு என் முகத்தைப் பார்த்துத் தமிழில் ஒருமுறை.
காலை பத்து மணி.
விகாரமகாதேவிப் பூங்காவின் முன்வரிசைக் கதிரைகளில்
வெயில் ஏற்கெனவே இடம் பிடித்திருந்தது.

நான் ரசிகை இல்லை.
கொள்ளுப்பிட்டிக் காப்புறுதிக் கம்பனியில்
ஆறாம் மாடி, மூன்றாம் மேசை.
இந்த விழாவின் பத்திரத்தைத் தட்டச்சு செய்தவள்.
ஒலிபெருக்கி நாற்பத்தெட்டு,
மின்பிறப்பாக்கி இரண்டு,
பியானோ ஒன்று, கறுப்பு, வாடகைக்கு.
எல்லாம் இலக்கமாகத் தெரியும்,
ஓசையாகத் தெரியாது.
கையெழுத்து வைக்கும்போது மேலாளர் சொன்னார்:
ஒரு தப்பும் இல்லை.
அந்தச் சந்தோசத்தில்தான் இலவச அனுமதி தந்தார்.

மேடையில் ஒருவன் ஒலிவாங்கியைத் தட்டி
எக்கய் தெக்கய், வன் டூ, ஒன்று இரண்டு என்று
மும்மொழியிலும் இரண்டுவரை எண்ணினான்.
எந்த மொழியிலும் மூன்று வரவில்லை.

மாரா மரத்தின் கீழே
யெஹான் என்ற பையன் கரித்துண்டால் முகம் வரைந்தான்.
ஆயிரத்தைந்நூறு ரூபாய், இருபது நிமிடம்.
அவ்வளவு நேரம் என்னை யாரும் பார்த்ததில்லை,
கண் வைத்தியரைத் தவிர.
தாளில் மூக்கு என்னுடையது.
சிரிப்பு யாருடையதோ.
நான் சிரிக்கவே இல்லையே என்றேன்
எனக்குத் தெரிந்த சிங்களத்தில்.
இந்தப் பக்கம் மட்டும் சிரித்தது என்று
என் இடது கன்னத்தைக் காட்டினான்.

பிறகு அந்தப் படத்தோடு அலைந்தேன்.
இறால் வடையின் எண்ணெய் படாமல் ஒரு கையில் அது,
மறு கையில் மிளகாய்த்தூள் போட்ட அன்னாசி.
ஒரு கூடாரத்தில் கவிதை வாசித்தார்கள்:
ஆறு பேர், ஒரு காகம்.
காகம்தான் கடைசிவரை இருந்தது.

நாலரைக்கு
பேரை வாவிப் பக்கமிருந்து மழை வந்தது,
ரிக்கற் இல்லாமல்.
ஒலிபெருக்கிகளுக்குத் தார்ப்பாய் ஓடியது.
பியானோவுக்கு நாலு பேர் ஓடினார்கள்.
பொகவந்தலாவையிலிருந்து வந்த தப்புக்குழு
கொத்துக் கடைத் தகரத்தின் கீழ் ஒடுங்கியது.
தப்பு ஐந்து. பொலித்தீன் பை நாலு.
ஐந்தாவதைச் சட்டைக்குள் நுழைக்கப் பார்த்தான்
புவனேசன்.
தோல் நனைஞ்சா ஊமை, அக்கா.

எனக்குள் பத்திரம் தானாகப் புரண்டது.
அட்டவணை ஆ, பக்கம் ஒன்பது.
ஆம், மேலாளர் சொன்னது சரி.
ஒரு தப்பும் இல்லை.

கையில் இருந்தது ஒரு தடித்த தாள்தான்.
நீட்டினேன்.
முகம் நனைய வேண்டாமென்று
உள்பக்கமாகக் கவிழ்த்தோம்.

மழை விட்டதும் தோல் காய்ச்ச நெருப்புத் தேடினார்கள்.
பூங்காவில் தீ மூட்டக் கூடாது என்றான் காவலாளி.
அப்ப இது என்ன தீயா, தொழிலுதானே என்று
கொத்துத் தட்டின் வெங்காயத்தை ஓரம் தள்ளினார்
நிஸ்வர் நானா.
சூட்டின் மேல் ஒவ்வொன்றாகப் பிடித்தார்கள்.
ஐந்தாவதின் தாளை உரித்தபோது
தோலில் நான் இருந்தேன்,
இடம் வலமாக மாறி.
துடைக்கப் போனவனை வேண்டாம் என்றேன்.

முதல் அடி என் நெற்றியில்.
இரண்டாவது எங்கே விழுந்ததென்று தெரியவில்லை,
என் செருப்புக்குள் இருந்து கேட்டது.
மேடைக்கு அவர்கள் போகவே இல்லை.
சேற்றிலேயே தொடங்கிவிட்டார்கள்.
நானாவின் தகடுகள் குறுக்கே புகுந்தன,
கொத்து கேட்டவர்கள் கொத்தை மறந்தார்கள்,
காப்பு ஒட்டிய பெண்
தன் மேசையை விட்டு வந்து ஆடினாள்.
மூக்கு சீக்கிரம் போய்விட்டது.
சிரிப்பு கொஞ்ச நேரம் நின்றது.
பிறகு அதுவும்
புவனேசனின் குச்சி நுனியில் கறுப்பாக ஏறியது.

நூறாம் இலக்க பஸ்ஸில்
நடத்துனர் கேட்டார், அது என்ன போஸ்டரா என்று.
விரித்துக் காட்டினேன்.
ஈரத்தாளில் மிச்சமிருந்தது ஒரு காது.
மடித்துப் பையில் வைக்கச் சொன்னார், கூட்டம் ஏறுது என்று.
மடிக்கவில்லை.
உயர்த்திப் பிடித்துக்கொண்டே நின்றேன்,
பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை,
இறங்கும்வரை.